மூன்றாம் ஓலைக்கு முந்தின நாள்

அத்தியாயம் 14

சனிக்கிழமை காலை பென்னி பல் தேய்த்துக்கொண்டிருந்தான். வாய் நிறைய நுரை. அந்த நேரம் பார்த்து சமையலறையிலிருந்து அவனுடைய குரலே அவனுக்குக் கேட்டது.

"ஒண்ணாவது ஓலை படிச்சாச்சு. ரெண்டாவது ஓலையும் படிச்சாச்சு. மூணாவது ஓலையில பொண்ணு பேரையே காணோமே, சாமி!"

பின்னாலேயே ஒரு கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

பென்னி பிரஷ்ஷும் கையுமாக ஓடினான். அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருந்தது. அவன் மனைவி ஜூடி செல்போனை அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள். திரையில், சோடாபுட்டிக் கண்ணாடியும் தோளில் மேல்துண்டுமாக உபதேசியார் உத்திரியராஜ். அதாவது, டிவி நகைச்சுவைத் தொடரில் சாமியாருக்குத் துணையாளான கோயில் உபதேசியாராக வேஷம் போடும் பென்னியேதான். கீழே கொட்டை எழுத்தில், 'நாளை பகல் பன்னிரண்டு மணிக்கு'.

"இன்னாப்பா இது?"

"பழசு ஜூடி. ஆறு மாசத்துக்கு முன்னாடி எடுத்தது."

"பழசோ புதுசோ, நாளைக்குன்னு போட்டுக்கீது. நாளைக்கு இன்னா நாளுன்னு ஞாபகம் கீதா?"

ஞாபகம் இல்லாமல் என்ன? மூன்று வாரமாக இந்த வீட்டில் வேறு பேச்சே கிடையாது.

இந்தக் கதையை நடுவில் பிரித்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பென்னியின் தங்கை ஜானட்டுக்கு முப்பத்தொன்பது வயதில் கல்யாணம் கூடி வந்திருக்கிறது. மாப்பிள்ளை ஜெரி விம்கோ நகர்க்காரர். துறைமுகத்துக்குள் கப்பல்களை இழுத்து வரும் டக் படகில் வேலை. மனைவியைப் பறிகொடுத்தவர். ராயபுரத்துக் கத்தோலிக்கக் கோயிலில் கல்யாணம் என்றால் அதற்கு முன்பாக மூன்று ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஓலை வாசித்தாக வேண்டும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் வந்து சொல்லுங்கள் என்று ஊரறிய அறிவிப்பதற்குத்தான் ஓலை என்று பெயர். இரண்டு முடிந்துவிட்டன. மூன்றாவது, நாளைக் காலை ஏழரைப் பூசையில்.

மற்ற வீடுகளில் மூன்றாம் ஓலை என்றால் பிரியாணிக்கு ஆள் சொல்லிவிடுவார்கள். இந்த வீட்டில் மூன்றாம் ஓலை என்றால் பயம். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஜானட்டுக்கு வேறொரு மாப்பிள்ளையோடு இப்படித்தான் இரண்டு ஓலை வாசித்தார்கள். மூன்றாவது ஞாயிறு, புதுப்புடவை கட்டிக்கொண்டு அம்மா பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். சாமியார் மற்ற ஜோடிகளின் பெயரையெல்லாம் வாசித்தார். தாளை மடித்து வைத்துவிட்டார். ஜானட் பெயர் வரவேயில்லை. கோயில் முழுக்கத் திரும்பி அவளைப் பார்த்தது. அந்த மனிதர் ஏற்கெனவே ஒருத்தியைப் பதிவுத் திருமணம் செய்து குழந்தையும் பெற்றிருக்கிறார் என்று சாமியாருக்கு யாரோ தகவல் கொடுத்திருந்தார்கள். யார் என்று கடைசி வரை தெரியவில்லை. அன்றிலிருந்து ஜானட்டுக்கு 'பாவம்' என்பது இரண்டாவது பெயராகிவிட்டது.

இப்படி ஒரு சங்கதியைப் பிடித்து நகைச்சுவையாக எழுத எந்த அண்ணனுக்கு மனசு வரும் என்று கேட்பீர்கள். பென்னிக்கு வந்தது. சொல்லிவைக்கிறேன், அவன் கெட்டவன் இல்லை. கோயில் திருவிழா நாடகத்தில் வசனம் எழுதத் தொடங்கியவன். பிறகு எட்டு வருஷம் தொலைக்காட்சியில் மற்றவர்கள் வாய்க்கு வசனம் எழுதினான். அவன் பெயர் நிகழ்ச்சியின் கடைசியில், ரேணிகுண்டா எக்ஸ்பிரஸ் கொருக்குப்பேட்டையைத் தாண்டுகிற வேகத்தில் ஓடி மறையும். ஒருநாள் நடிக்க வேண்டியவர் வராமல் போக, இவனே கண்ணாடியை மாட்டிக்கொண்டு நின்றான். வடசென்னைப் பேச்சை மற்றவர்கள் கேலிக்கு வைத்துக்கொண்டிருந்தபோது, இவன் அதைத் தன் வீட்டுப் பேச்சாகவே பேசினான். ஜனங்களுக்குப் பிடித்துப்போயிற்று.

ஆனால் வாராவாரம் பதினான்கு நிமிடம் சிரிக்க வைக்கச் சரக்கு வேண்டுமே! வீட்டில் யார் என்ன பேசினாலும் பென்னியின் காது சும்மா இருக்காது. நல்ல வாக்கியம் விழுந்தால் கழிப்பறைக்குப் போகிற மாதிரி போய் செல்போனில் தட்டி வைத்துக்கொள்வான். அதை எங்கே பொறுக்கினோம் என்பது மறந்தும் போகும். ஆறு மாதத்துக்கு முன், ஜெரி என்ற பெயரே இந்த வீட்டில் கேள்விப்படாத காலத்தில், எதுவும் தோன்றாத ஒரு வாரம் அவன் மூன்றாம் ஓலையை எழுதிவிட்டான். எடுத்தும் விட்டார்கள். எடுத்த பிறகு மனசு கேட்காமல், "இத்த கடைசியா வெச்சுக்கோப்பா" என்று இயக்குநர் அறிவிடம் சொல்லிவைத்தான். அறிவும் பத்திரமாகத்தான் வைத்திருந்தான். போன வாரம் படப்பிடிப்பு ரத்தாகவே, கையிருப்பில் இருந்த கடைசிப் பகுதி நாளைக்கு வருகிறது.

"ஜானட் பாத்திருப்பாளா?" என்றான் பென்னி.

"காலைல ஆறு மணி டூட்டிக்கு போயிருக்கா. ஆஸ்பத்திரில நர்சுங்க கையில எல்லாம் போனு கீது. பாக்காம இருப்பாளா? நாளைக்கு பூசை முடிஞ்சு மாப்ள வூட்டுக்காரங்க சாப்பாட்டுக்கு நம்ம வூட்டுக்குத்தான் வராங்க. பன்னண்டு மணிக்கு டிவிய நான் இன்னா பண்றது, போர்வை போட்டு மூடுறதா?"

கூடத்தில் பென்னியின் அப்பா இக்னேஷியஸ் மேசையில் போர்வையை விரித்து, நாளைக்குப் போடும் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருஷம் கிரேன் ஓட்டியவர். மகளின் மூன்றாம் ஓலைக்குப் போடும் சட்டையை வேறு யாரும் தொடக்கூடாதாம்.

"இன்னாடா, காலைலயே ரெண்டு பேரும் குசுகுசுன்னு?"

"ஒண்ணும் இல்ல நைனா. கேஸு தீந்துபோச்சாம்."

"இட்லி வேவுது, கேஸு எப்டிடா தீரும்?" என்றவர், காலரின் பக்கம் மும்முரமாகிவிட்டார்.

பென்னி மொட்டை மாடிக்கு ஏறி அறிவுக்குப் போன் போட்டான். அறிவு நல்ல பையன். இவனைவிடப் பத்து வயது சின்னவன். காதுகொடுத்துக் கேட்டான்.

"அண்ணே, தூக்கணும்னா தூக்கிடலாம். ஆனா பதிலுக்குப் பழைய எபிசோடைத்தான் போடணும். பழசு போட்டா சேனல்ல சும்மா விட மாட்டாங்க. அடுத்த வாரத்துல இருந்து நம்மள ஞாயித்துக்கிழமையில வைக்க மாட்டாங்க. இன்னொண்ணு, இதுலதான் முதமுதலா 'எழுத்து, நடிப்பு பென்னி'ன்னு தொடக்கத்துலயே பேரு போட்டிருக்கோம். அஞ்சு செகண்டு நிக்கும். யோசிச்சுக்குங்க."

பென்னி யோசித்தான். தெருமுனையில் கோயில் மணிக்கூண்டு தெரிந்தது. பெயர் வராமல் தங்கை உட்கார்ந்திருந்த அந்தக் காலை அவன் கண்முன் வந்தது.

"தூக்கிடு அறிவு."

"அண்ணே..."

"தூக்கிடுப்பா. என் தங்கச்சி விஷயம்."

பதினொன்றரை மணிக்கு அறிவிடமிருந்து செய்தி வந்தது. தூக்கியாயிற்று. முன்னோட்டத்தையும் எடுத்துவிட்டார்கள். அந்த அஞ்சு செகண்டுப் பெயரை நினைத்துப் பென்னிக்கு வருத்தம்தான். கூடவே, ஒரு அண்ணனாகத் தான் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்ற பெருமையும் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. அந்தப் பெருமைக்கு ஆயுசு மூன்று மணி நேரம்தான்.

ஜானட் வேலை செய்யும் தனியார் மருத்துவமனை டோல்கேட் பக்கம் இருந்தது. இரண்டு மணிக்கு அவள் டூட்டி முடியும். பென்னி பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே போனதுமே வரவேற்பில் இருந்த பெண்கள் எழுந்துவிட்டார்கள்.

"உபதேசியாரே! நாளைக்கு எபிசோடு செம காமெடியாமே!"

அவர்களுக்குப் பின்னால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஜானட் வந்தாள். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஊசி போடும்போதுகூட நோயாளிக்குத் தெரியாமல் போடுகிற கை அவளுடையது, முகமும் அப்படித்தான்.

"பாத்தியா?" என்றான் பென்னி, பைக் அருகில் வந்ததும்.

"பாத்தேன். முப்பது செகண்டுதான் இருந்துச்சு. முழுசும் உன்னாண்ட கீதா?"

"ஜானட்டு, நான் வேணும்னு..."

"கீதா, இல்லியா?"

"கீது."

"வண்டிய எடு. இங்க வேணாம், கடல் பக்கம் போலாம்."

எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல் வரிசை கட்டி நின்றன. டிரைவர்கள் வண்டிக்கடியில் பாய் விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். திருவொற்றியூர் தாண்டிக் கல் கொட்டிய கரையில் ஒரு பூவரச மர நிழல் கிடைத்தது. ஜானட் செல்போனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பென்னி கடலைப் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தான். மேடையில் ஆயிரம் பேர் முன்னால் நடுங்காதவன், ஓரக்கண்ணால் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முதல் நான்கு நிமிடம் அவள் சிரிக்கவில்லை. உபதேசியார் ஓலையைத் தலைகீழாகப் பிடித்து வாசித்த இடத்தில் உதட்டைக் கடித்தாள். கல்யாணப் பெண்ணின் பெயருக்குப் பதிலாகப் பூசைக்காக உபயம் செய்தவர் பெயரை அவர் வாசித்ததும், அவளால் முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

பென்னிக்குப் போன உயிர் பாதி வந்தது. ஆனால் கடைசிக் காட்சி இன்னும் பாக்கி இருந்தது. அதில் பெயர் வராத மணப்பெண் கோயில் படியில் உட்கார்ந்து அழுதபடி அண்ணனிடம் சொல்வாள்: "பொடவைக்கு ஃபால்ஸ் தெச்சதுதாண்ணா மிச்சம்." அரங்கம் சிரிக்கும், கண்ணையும் துடைத்துக்கொள்ளும். பென்னி எழுதியதிலேயே உயர்ந்த இடம் அதுதான் என்று அறிவு சொல்லியிருந்தான். எழுதியது பென்னி இல்லை. அன்றைக்கு ஜானட் அவனிடம் சொன்ன அதே வார்த்தை.

படம் முடிந்தது. அவள் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"மன்னிச்சிடு ஜானட்டு. பேஜார் பண்ணாத. இத்த தூக்கச் சொல்லிட்டேன். நாளைக்கு வராது."

"தூக்கச் சொல்லிட்டியா?"

"காலைலயே."

"யாரக் கேட்டு தூக்குன?"

இந்தக் கேள்வியை அவன் எதிர்பார்க்கவில்லை.

"உனக்காகத்தான்..."

"போடும்போதும் என்னக் கேக்கல, தூக்கும்போதும் என்னக் கேக்கல. சரி, அத வுடு. கடைசில அந்தப் பொண்ணு ஏன் அழுவுது?"

"நீ... அன்னிக்கு..."

"நான் அழுதனா? நல்லா யோசிச்சு சொல்லு. யாரு அழுதது?"

பென்னி யோசித்தான். பதினோரு வருஷமாக அந்தக் காட்சி அவனிடம் ஒரே மாதிரிதான் இருந்தது. கோயில் படி, புதுப்புடவை, அழுகை. இப்போது முதல்முறையாக அந்த அழுகை யாருடையது என்று பார்த்தான். அவன் அழுதுகொண்டிருந்தான். முப்பத்திமூன்று வயதுத் தடியன், படியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி.

"நீதான் அழுதுகினு இருந்த," என்றாள் ஜானட். "ரோட்ல போறவன் எல்லாம் பாக்கறான். உன்ன சிரிக்க வெக்கத்தான் ஃபால்ஸ் தெச்சதுதான் மிச்சம்னு சொன்னேன். அது ஜோக்குண்ணா. நீ இன்னாடான்னா அத்த சோகம்னு நெனச்சு பொத்தி வெச்சுகினு இருந்திருக்க. நீயெல்லாம் ஒரு காமெடி ரைட்டரு!"

அவளே சிரித்துக்கொண்டாள். பென்னிக்குச் சிரிப்பு வரவில்லை.

"உனக்கு அன்னிக்கு அழுகையே வரலியா?"

"அதுக்கு ரெண்டு நாளு முன்னாடியே அழுது முடிச்சிட்டேன்."

ஒரு லாரி ஹாரன் அடித்து ஓய்ந்தது. பென்னி அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"வியாழக்கிழமை ஒரு பொண்ணு ஜொரத்தோட கைக்குழந்தைய தூக்கிகினு வந்துச்சு. செங்கொடின்னு பேரு. நான்தான் அட்மிஷன் எழுதினேன். கொயந்தைக்கு அப்பா பேரு கேட்டேன், சொல்லுச்சு. போன் நம்பர் கேட்டேன், சொல்லுச்சு. அந்த நம்பரு எனக்கு மனப்பாடம்ணா. ஒரு மாசமா டெய்லி ராத்திரி பேசிகினு இருந்த நம்பரு."

அந்தப் பழைய மாப்பிள்ளையின் நம்பர் என்று பென்னிக்குப் புரிந்துவிட்டது.

"அந்தப் பொண்ணுகிட்ட ஒண்ணும் சொல்லல. கொயந்தைக்கு ஜொரம் எறங்கறவரைக்கும் ட்ரிப்ஸ் மாத்திகினு பக்கத்துலயே இருந்தேன். மறுநாள்தான் பேசினேன். ரிஜிஸ்டர் பண்ண பேப்பரு காட்டுச்சு. ரெண்டு பேருமா போயி சாமியார பாத்தோம். யாரு சொன்னதுன்னு வெளிய சொல்லாதீங்க சாமின்னு நான்தான் கேட்டுகினேன்."

"அப்ப... தகவல் சொன்னது..."

"நான்தான்."

"தெரிஞ்சுகினா புதுப்பொடவ கட்டிகினு வந்து உட்கார்ந்த?"

"வூட்ல சொல்லியிருந்தா இன்னா ஆயிருக்கும்? அம்மா நேரா அந்தப் பொண்ணு வூட்டு வாசல்ல போயி மண்ணை வாரித் தூத்தியிருக்கும். நைனா நாலு ஆளு இஸ்துகினு போயிருப்பாரு. அது கைக்குழந்தக்காரிண்ணா. கோயில்ல பேரு வரலன்னா கத அத்தோட முடிஞ்சிடும்னு நெனச்சேன். அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள எல்லாரும் என்னப் பாத்து பாவம், பாவம்னு ஆரம்பிச்சுட்டீங்க. சொல்ல எடமே கெடைக்கல. அம்மா சாகறவரைக்கும் என் பொண்ண ஏமாத்திட்டாங்கன்னே சொல்லிகினு செத்துச்சு. அதுதான் எனக்கு இன்னும் ஆறல."

இப்போது அவள் குரல் லேசாக உடைந்தது. பென்னி அவள் கையைப் பிடித்துக்கொண்டான். இத்தனை வருஷமாகத் தங்கையைத் தாங்கித் தாங்கி நடத்தியதாக நினைத்திருந்தான். ஒரு தடவைகூட அவளிடம் என்ன நடந்தது என்று கேட்டதில்லை. அந்த வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது.

"இப்ப ஏன் சொல்ற?"

"ஜெரிக்குத் தெரியாது. முதமுதல்ல பாக்க வந்தப்ப இன்னா சொன்னாரு தெரியுமா? 'உங்கள ஒருத்தன் ஏமாத்திட்டான்னு கேள்விப்பட்டேன், நான் ஏமாத்த மாட்டேன்'னு சொன்னாரு. நல்ல மனுஷன். அவங்க அக்காதான் இந்த சம்பந்தத்தையே முடிச்சது. ஏமாந்த பொண்ணுக்கு வாழ்க்க குடுக்கறோம்னு தெருவெல்லாம் சொல்லிகினு கீது. தன் கல்யாணத்த தானே போயி நிறுத்துனவன்னு தெரிஞ்சா அவங்களுக்கு எப்டி இருக்கும்னு எனக்குத் தெரியல. காலைல உன் ப்ரோமோவ பாத்தப்ப தோணிச்சு. இத்த மறைச்சுகினு நாளைக்கு ஓலை கேக்க என்னால முடியாது."

"மூணு வாரம் பொறுத்த. கல்யாணம் ஆவட்டும், அப்புறம் மெதுவா..."

"தடை தெரிஞ்சவங்க சொல்லுங்கன்னு ஊரக் கேக்கறாங்க. என்னாண்ட ஒண்ணு கீதே, நான் சொல்ல வேணாமா? என்ன விம்கோ நகர்ல எறக்கி வுடு. ஜெரி நாலு மணிக்கு டூட்டி முடிச்சு வந்துடுவாரு."

பைக்கில் போகும்போது பென்னி முதுகைத் திருப்பாமலே பேசினான்.

"எப்டி சொல்லப் போற? வேணும்னா நான் ரெண்டு வரி எழுதித் தரட்டா?"

"நீ எழுதவே எழுதாத சாமி!"

"அப்ப எபிசோடு? அறிவுக்கு இப்ப சொன்னாக்கூட திருப்பிப் போட்டுடுவான். போடவா, வேணாமா?"

"அது உன் வேல. நீதான் முடிவு பண்ணணும். என் பேர சொல்லிப் போடவும் போடாத, என் பேர சொல்லி நிறுத்தவும் நிறுத்தாத."



விம்கோ நகரில் ஜெரியின் வீடு ஒரு குறுகிய சந்தில் இரண்டாவது. அவருடைய பைக் இன்னும் வாசலுக்கு வரவில்லை. பென்னி சந்து முனையில் வண்டியை நிறுத்தினான். கூட வரட்டுமா என்று கேட்க வாயெடுத்தான். பிறகு அடக்கிக்கொண்டான். கேட்காமல் இருப்பதும் ஒரு அண்ணன் செய்ய வேண்டிய வேலை என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு நைனாவ முன்பெஞ்சுல உட்கார வை," என்றாள் ஜானட். "பேரு படிச்சாலும் சரி, படிக்கலன்னாலும் சரி, நான் வந்து அவரு பக்கத்துல உட்காருவேன்."

அவள் நடந்து போய்க் கதவைத் தட்டினாள். திறந்தது ஜெரியின் அக்கா அடைக்கலமேரி. கையில் கத்தி, பாதி நறுக்கிய முருங்கைக்காய். நாளை விருந்துக்கு மாப்பிள்ளை வீட்டுப் பங்காக அவள் செய்துகொண்டு வருவதாகச் சொன்ன கூட்டு. ஜானட்டைப் பார்த்ததும் அவள் முகம் உருகிப்போயிற்று.

"அய்யோ, பாவம்! இந்த வெயில்லயா வந்த? உள்ள வாம்மா."

ஜானட் செருப்பைக் கழற்றி வாசலோரம் வைத்தாள்.

"நான் பாவம் இல்ல அண்ணி," என்றாள். "அத்த சொல்லத்தான் வந்தேன்."